இடது பிடி என் கையில்

ஜூன் 4, செவ்வாய்

இந்த டைரி ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்தது. வருஷம் பிறந்ததிலிருந்து இதில் பிளவுஸ் அளவுகள் மட்டும்தான் எழுதிவந்தேன். இன்றைக்கு நயினார் புதிதாக ஒரு வேலை வைத்துவிட்டான், இருக்கிற வேலை போதாதென்று.

நயினார் என் கடைசித் தம்பி. இரண்டு கிட்னியும் போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். நான்தான் கூடப் போகிறேன். இடது கையில் ஊசி குத்திவிட்டால் நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் யூடியூபில் கேம்களைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுவான். விட்டுப்போனதை மறுபடி ஆரம்பிக்கப் போகிறானாம். காலேஜில் படிக்கையில் இரண்டு தடவை ஆடி முடித்த ஒரு ஜப்பான் கேமை எடுத்துக்கொண்டு, அதில் எது நல்லது, எது நொட்டை என்று சொல்லப் போகிறானாம்.

ஆடுவதற்கு இரண்டு கை வேண்டும். அவனிடம் இருப்பது ஒன்று. அந்த கேம் பெட்டியில் இரண்டு பக்கத்துப் பிடியும் தனித்தனியாகக் கழன்று வருகிறது. பெட்டியைச் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் மேஜைமேல் நிறுத்திவிட்டு இடது பிடியை என்னிடம் கொடுத்தான். வலது பிடி அவனுக்கு. நடப்பது, அம்புக்குறியை நகர்த்துவது நான். அடிப்பது, சரி சொல்வது எல்லாம் அவன்.

"எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாதுடா" என்றேன்.

"தெரிய வேண்டாம்க்கா. ஒரே ரோடு. முன்னால தள்ளிட்டே இரு, போதும். பாக்கப் பாக்க என்ன தோணுதோ எழுதி மட்டும் வையி. வீடியோவுக்கு ஆகும்."

சரி, எழுதுகிறேன். நல்லது: வழி தப்பாது. நொட்டை: முதுகு வலிக்கிறது. அது நாற்காலியின் நொட்டை.

ஜூன் 6, வியாழன்

கேமின் பெயர் வாயில் நுழையவில்லை. 'ஏழாம் விளக்கு' என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். உலகம் இருண்டுகொண்டே வருகிறது. வழியில் ஆறு விளக்குகளை ஏற்றிக்கொண்டே போய், கடலுக்கு நடுவில் இருக்கும் ஏழாவதையும் ஏற்ற வேண்டும். போகிறவர்கள் மூன்று பேர். ஹாரு என்ற பையன்தான் ஹீரோ, வாயைத் திறந்தால் நம்பிக்கை, நம்பிக்கை என்கிறான். கோடாலியோடு ஒரு தடியன். பிறகு ஷிஹோ என்ற மெலிந்த பெண், அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். எல்லோருக்கும் கடைசியில் நடந்து வருகிறாள்.

சண்டை முறைவைத்து நடக்கிறது. நாம் அடித்தபிறகு அவன் அடிப்பான். நாம் யோசித்து முடிக்கிறவரை எதிரி பொறுமையாக நிற்கிறான். இது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் யாரும் அப்படி நிற்பதில்லை.

நொட்டை: பேச்சு. ஒரு கதவைத் திறப்பதற்கு முன்னால் மூன்று பேரும் நின்று பேசுகிறார்கள். திறந்தபிறகு, திறந்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். நயினார் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறான், அவனுக்கு மூச்சு வாங்குகிறது.

வெளியே வரும்போது டாக்டர், "கேன் கொண்டாந்தீங்களாம்மா?" என்று கேட்டார். நான் ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டது.

ஜூன் 8, சனி

கல்யாண வீட்டு பிளவுஸ் எல்லாம் ஹூக் தைக்காமல் கிடக்கிறது. கேன் மறுபடி மறந்தது.

ஜூன் 11, செவ்வாய்

நயினார் இன்று பாதி நேரம் தூங்கிவிட்டான். நான் இடது பிடியை மட்டும் வைத்துக்கொண்டு ஹாருவை நடத்தினேன். எதிரி வந்தால் அடிக்க முடியாது, ஆகையால் எதிரி இல்லாத ஒரு பாலத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். கீழே தண்ணீர் ஓடுகிற அழகை உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு பாதை தெரிந்தது. போய்ப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத சுவர். படம்தான், வழி இல்லை.

கேன் எதற்கு என்று எழுதவில்லை. நயினாருக்குக் கிட்னி கொடுக்க யார் பொருந்துவார்கள் என்று மார்ச் மாதம் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, ஆகாது. துபாயில் இருக்கிற பெரிய தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அம்மா, "அவன் சம்பாதிக்க ஆம்பளப் பிள்ளைலா" என்றாள். என் ரத்தம் பொருந்தியது. அன்று சாயங்காலம் சித்தப்பா, அத்தை எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா சந்தோஷமாக, "அதான் கோமதி இருக்காளே" என்றாள். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் முறுக்குத் தட்டோடு அங்கேதான் நின்றேன். ஒருத்தி முறுக்கு நன்றாக இருக்கிறது என்றாள்.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் கையெழுத்து போட வேண்டும் என்றார்கள். போட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். "நீ எப்படியும் சரின்னுதான சொல்லுவ" என்றார்.

ஜூன் 13, வியாழன்

வழியில் கிடைக்கிற மருந்துகளை எல்லாம் சேர்த்துவைக்கிறேன். பச்சை சீசா கொஞ்சம் உயிர் தரும், நீல சீசா அதிகம். பொன் நிறத்தில் ஒன்று, அது முழு உயிரும் தரும், எப்போதாவதுதான் கிடைக்கும். தடியன் சாகக் கிடந்தான், அப்போதும் நான் பொன் சீசா பக்கம் அம்புக்குறியைக் கொண்டுபோகவில்லை. பின்னால் வேண்டியிருக்கும்.

நயினார் சிரித்துவிட்டான். "எல்லாரும் இப்படித்தாங்க்கா. கேம் முடியும்போது மூட்டை மூட்டையா மிச்சம் இருக்கும்."

"வீட்டுலயும் அப்படித்தான இருக்கேன்" என்றேன். கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடி டம்ளர்கள் இன்னும் வைக்கோலுக்குள் இருக்கின்றன.

ஜூன் 18, செவ்வாய்

இன்று நயினாரிடம் கோபப்பட்டுவிட்டேன். ஊசி குத்தியிருக்கிற பிள்ளையிடம் போய்.

ஷிஹோவுக்குப் புதிதாக ஒரு வித்தை வந்தது. தன் உயிரில் பாதியை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம். சண்டையில் ஹாரு விழுகிற மாதிரி இருந்தான். "ஷிஹோவ வையிக்கா, அந்த வித்தையில வையி" என்றான். நான் பச்சை சீசாவில் வைத்தேன். "அது பத்தாது." நீலத்தில் வைத்தேன். "ஏங்க்கா மருந்த வீணாக்குத? அவ எதுக்கு இருக்கா? அதுக்குத்தான இருக்கா?"

"அதுக்குத்தான் இருக்காளா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "அவகிட்ட கேட்டியா நீ?"

"இது கேம்தான்க்கா" என்றான்.

"தெரியும்டா."

கடைசியில் அம்புக்குறியை அவன் சொன்ன இடத்திலேயே வைத்தேன். ஷிஹோ முட்டி போட்டு உட்கார்ந்தாள், நெஞ்சிலிருந்து ஒரு வெளிச்சம் போய் ஹாரு எழுந்து நின்றான். நம்பிக்கை பற்றி ஏதோ சொன்னான். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றிகெட்ட பயல்.

நயினார் அதற்குப் பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, சனி

நேற்று நெல்லையப்பர் தேர். டவுனில் இன்னும் கூட்டம் அடங்கவில்லை, பஸ் சுற்றிச் சுற்றி வந்தது. கேனைக் கொடுத்துவிட்டேன். இனி ஸ்கேன்.

நயினாருக்கு வீடியோவில் என்ன சொல்ல வேண்டும் என்று பிடிபட்டுவிட்டதாம். "ஒரே ரோட்டுல கூட்டிட்டுப் போற கேமுன்னு எல்லாரும் இதைத் திட்டுவாங்க்கா. தேரு வருஷா வருஷம் அதே நாலு ரதவீதிதான சுத்துது? இந்த வருஷமும் அதே வீதியான்னு எவனாச்சும் கேக்கானா? போற வழி தெரியும், இருந்தாலும் திருப்பத்துல தேர் திரும்பும்போது மனசு பதறுதுல்லா? வழி ஒண்ணா இருக்கதாலதான் எந்த எடத்துல எதக் காட்டணும்னு அவனால யோசிச்சு வைக்க முடியுது."

நன்றாகத்தான் இருந்தது. பேசுகிற பிள்ளைதான் அவன், சின்ன வயதிலிருந்தே.

"பாக்கவன் அப்படிச் சொல்லுவான்" என்றேன். "உள்ள இருக்கவங்களுக்கு நடுவுல எறங்கணும்னு தோணாதா?"

அவன் யோசித்தான். "அதையும் எழுதிக்கோ" என்றான்.

ஜூன் 25, செவ்வாய்

ஸ்கேனுக்குப் போகவில்லை. தைப்பு இருந்தது. அம்மா போனில், "பிளவுஸ் ஒரு கேடா ஏட்டி? தம்பி கெடக்கான்லா" என்றாள். கெடக்கான்தான். ஒவ்வொரு வாரமும் நான்தான் பார்க்கிறேன். மிஷின் ஓடும்போது கால் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பான், நான் கெண்டைக்காலை அழுத்திவிடுவேன். ஒருநாளும் அம்மா வந்து பார்த்ததில்லை, அவளுக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமாம்.

அவன் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று இதைப் படிக்கிறவர்கள் யாரும் நினைக்க வேண்டாம். யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 27, வியாழன்

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறதாம். "அருமையான கிட்னிம்மா" என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னால் போய் சம்மதம் சொல்ல வேண்டும். கிட்னி கொடுத்தவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று படம் போட்டு விளக்கினார். எனக்கும் தெரியும், நன்றாகத்தான் இருப்பார்கள்.

கேமில் ஆறாவது விளக்கு எரிந்தது.

ஜூலை 2, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கடற்கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு ரொட்டிக்கடை, ஒரு சத்திரம், வலை காயப்போடுகிற நாலைந்து பேர். யாரிடம் போய் நின்றாலும் "பயணம் நல்லபடியாக அமையட்டும்" என்கிறார்கள். ஊர் முடிகிற இடத்தில் படகு. படகுக்குப் பக்கத்தில் போனதும் திரையில் எழுத்து வந்தது. நயினார் தமிழில் படித்தான். "இதற்கு மேல் போனால் திரும்பி வர முடியாது. போகலாமா? ஆம், இல்லை."

முதல் நாளிலிருந்து இந்த கேம் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. தள்ளு என்றால் தள்ளினேன்.

"உள்ள போனா என்னடா ஆகும்?"

"சண்டை. ஜெயிச்சிருவோம். ஏழாவது விளக்கு எரியணும்னா யாராச்சும் ஒருத்தர் அங்கனயே இருக்கணும். எல்லாரும் முழிப்பாங்க. ஷிஹோ 'நான் இருக்கேன்'னு சொல்லுவா. மத்தவங்க ஊருக்குத் திரும்பிருவாங்க. அழகான சீன்க்கா. காலேஜ்ல அழுதிருக்கேன்."

"அவளாச் சொல்லுதாளா, எழுதுனவன் சொல்ல வைக்கானா?"

 அம்புக்குறி 'ஆம்' மேல் நின்றது. கேம் வரும்போதே அப்படித்தான் வருகிறது. அமுக்க வேண்டியவன் அவன், வலது பிடி அவனிடம்தான் இருக்கிறது. அமுக்கவில்லை.

"அமுக்குடா" என்றேன்.

"நீ எங்க வைக்கியோ அதத்தான் அமுக்குவேன். நல்லா யோசிச்சு வையி."

"அதான் ஆம்ல நிக்குதே."

"அது கேம் வச்சது. நீ வச்சது இல்ல." என் பக்கம் திரும்பி, "அக்கா, உன்ட்ட யாருமே கேக்கலேல்லா? நானும் கேக்கல" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீங்கிய முகம், அதில் அப்பாவின் மூக்கு. அப்பா படுக்கையில் விழுந்த நாலு வருஷமும் நான்தான் பார்த்தேன். இவன் காலேஜ் ஃபீஸுக்கு நான்தான் தைத்தேன். அதையெல்லாம் மனசார செய்தேன், யார் கேட்டாலும் சொல்வேன். இது ஒன்று மட்டும் மனசுக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. பயமா என்றால் பயமும் இருக்கிறது. அதைவிட, என்னிடம் மிச்சம் இருக்கிற ஏதோ ஒன்று எனக்கே எனக்கு என்று இருக்கட்டும் என்று தோன்றுகிறது. எனக்குக் கொடுக்க மனசில்லை. எழுதிவிட்டேன்.

கட்டை விரலால் கீழே தள்ளினேன். அம்புக்குறி 'இல்லை'க்கு வந்தது.

நயினார் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அமுக்கினான்.

ஜூலை 3, புதன்

நயினார் போன் செய்தான். டாக்டரிடம் பேசுகிறானாம். எனக்குப் பிரஷர் இருக்கிறது, ஆகாது என்று அவரையே வீட்டில் சொல்லச் சொல்லலாமாம். அப்படிச் சொல்வது உண்டாம், கொடுக்க மனசில்லாதவர்களைக் காப்பாற்ற.

"வேண்டாம்" என்றேன். "பிரஷருன்னா அம்மா மாத்திரை வாங்கிட்டு வந்து நிப்பா. கொறஞ்சதும் மறுபடி முறுக்குத் தட்டத் தூக்கணும்."

பகலில் அம்மா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்கு மனசில்லம்மா" என்றேன். என்ன மனசில்லை என்று அவள் கேட்கவில்லை. அப்படியென்றால் முன்பே தெரிந்திருக்கிறது. கீரையைக் கீழே வைத்தாள். "ஒனக்கு அவன் தம்பி இல்லையா?" என்றாள். தம்பிதான் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மிச்சக் கீரையை ஆய்ந்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வியாழன்

கமிட்டியில் மூன்று பேர். என்னைத் தனியாக உட்கார வைத்து, சுய விருப்பத்தில் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரு அம்மாள், "சரிம்மா, நீங்க போகலாம்" என்று தண்ணீர் கொடுத்தார். இவ்வளவுதானா என்றிருந்தது. வெளியில் வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவனுக்கு இட்லி வாங்கிக்கொண்டு டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற கிட்னிக்கு அவன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார்களாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 6, சனி

நயினார் கேம் பெட்டியைக் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டேன் என்றான். நாலு மணி நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கால் பிடித்தபோது அழுத்தப் போனேன், "இருக்கட்டும்" என்றான்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் கொண்டுவரவில்லை.

ஜூலை 11, வியாழன்

அம்மா பேசவில்லை. அத்தை போன் செய்து, கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டாள். ஆவுடையப்பன் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "உன் இஷ்டம்" என்றார். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பிளவுஸ் எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன். தினமும் ஒரு தடவையாவது, சரி என்றே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. பிறகு, இல்லை என்று தோன்றுகிறது. உடம்பெல்லாம் அசதி.

ஜூலை 13, சனி

ஊசி குத்தி முடித்ததும் நயினார் பையைக் காட்டி, "எடுக்கா" என்றான். உள்ளே பெட்டி இருந்தது.

"கோவம் இல்லன்னு சொன்னா பொய்" என்றான். "இருந்துச்சு. உன்ட்ட கேட்டதே தப்போன்னு இருந்துச்சு. கேக்காமயே இருந்திருந்தா இந்நேரம் எனக்கு ஆபரேஷன் தேதி குறிச்சிருப்பாங்க."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீ வராம இருந்திருவியோன்னு அதவிடப் பயமா இருந்துச்சு."

"லூசுப்பயலே" என்றேன். வேறு என்ன சொல்வது? இடது பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

அதே கடற்கரை ஊர். 'இல்லை' என்று சொன்னபிறகு நாங்கள் அங்கே நடக்கவே இல்லை. ரொட்டிக்கடைக்காரியிடம் போய் நின்றேன். நயினார் அமுக்கினான். அவள் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. "நீங்கள் இருக்கிறீர்களா? அப்படியானால் நாளைக்கு வாருங்கள், நாளைக்கு இனிப்பு ரொட்டி" என்றாள்.

நயினார் தலையைத் தூக்கினான். "இது எனக்குத் தெரியாதுக்கா. ரெண்டு தடவையும் நேரா படகுலதான் ஏறிருக்கேன்."

வலை காயப்போடுகிறவன், சத்திரத்துக்காரன், ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். எல்லோரிடமும் வேறு பேச்சு இருந்தது. ஒருத்தன் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பினான்.

ஜூலை 18, வியாழன்

வீடியோ வந்துவிட்டது. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன். படம் அழகு, பாட்டு அழகு, சண்டை நிதானம் என்றான். பேச்சு அதிகம், பக்கத்துப் பாதையெல்லாம் சுவர் என்றான், அது நான் சொன்னது. தேர் விஷயத்தை நன்றாகச் சொன்னான். கடைசியில், "ஒரே ரோட்டுல போற கேமோட பெரிய நொட்டை, உள்ள இருக்கவங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கதில்ல. கேக்க ஒரே ஒரு எடத்துல நாமளும் யோசிக்காம ஆம்னு அமுக்கிருதோம். இல்லன்னு சொன்னாலும் அந்த ஊரு அங்கனதான் இருக்கும், சனங்க பேசுவாங்க. எங்க அக்காதான் காட்டுனா" என்றான்.

அம்மா அதைப் பார்த்தாளா தெரியாது. போன் வரவில்லை.

ஜூலை 20, சனி

இன்று கால் ரொம்பப் பிடித்துக்கொண்டது அவனுக்கு. அழுத்திவிட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி நின்றதும் பெட்டியைத் திறந்தோம்.

இந்த ஊருக்கு வருமுன் நடந்த சண்டையிலிருந்து ஷிஹோவின் உயிர் பாதியில்தான் நிற்கிறது. நான் மருந்து மூட்டையைத் திறந்து பொன் சீசாவுக்குப் போனேன்.

"என்னக்கா பண்ணுத? சத்திரத்துல படுக்க வச்சா சும்மாவே ஏறிரும். வீணால்லா போவும்."

"போவட்டும்."

யாருக்கு என்று கேட்டது. அம்புக்குறி ஹாரு மேல் நின்றது, கேம் வைத்த இடத்தில். கீழே தள்ளினேன், தடியன். இன்னும் தள்ளி ஷிஹோவின் பெயரில் வைத்தேன்.

நயினார் அமுக்கினான்.